ஹேண்டிகேப்பை எடுத்துவிட்டால் லீக்கில் மிச்சம் என்ன? நம் வார இறுதி கோல்ஃப் லீக்கை நடத்தும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான விதி வரைவை உணவறைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். கருத்துச் சொல்ல விரும்புவோர் எழுத்தில் தரலாம் என்று கடைசி வரி சொல்கிறது. உங்கள் கையில் மட்டும் தந்தால் என் தாள் ஏதாவது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து ஆடுகிற எல்லோரும் படிக்கும்படி இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

வரைவின் சாரம் இது. ஹேண்டிகேப், அதாவது ஒருவரின் திறமையைப் பார்த்து அவர் அடிகளிலிருந்து கழிக்கும் சலுகை (ஆட்டம் சுமாராக இருந்தால் எண் கூடும்), 18-க்கு மேல் இருப்பவர்களுக்கு இனி லீக்கில் இடமில்லை. குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையும், இருவர் ஓர் அணியாகச் சேர்ந்து மோதும் ஆட்டமும் போய், எல்லாச் சுற்றுகளும் சலுகை கழிக்காத மொத்த அடிக் கணக்கில் நடக்கும். கோப்பைக்கும் மாம்பழக் கூடைக்கும் பதிலாக விளம்பரதாரர் ஒருவர் ரொக்கப் பரிசு தருவார். மெதுவாக ஆடுகிறவர்களுக்குத் தண்டனை அடி உண்டு. கடைசி விதியை வரவேற்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் மூன்றையும் எதிர்க்கிறேன். என் ஹேண்டிகேப் 27. வெளியே தள்ளப்படுகிறவர்களில் நானும் ஒருவன். சொந்த நலன் எதுவும் இல்லாமல் பேசுவதாக நடிக்கப் போவதில்லை.

நாம் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிப்காட்டில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவர்கள், பெங்களூரு வாடகைக்குப் பயந்து ஓசூரில் குடியேறியவர்கள், ரோஜாப் பண்ணை வைத்திருப்பவர்கள், ஓய்வூதியக்காரர்கள். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக இருட்டோடு வண்டி ஓட்டி வருகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர். நம்மில் யாருக்கும் அப்பா காலத்து கோல்ஃப் கிடையாது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் உறுப்பினராகச் சேர லட்சங்கள் வேண்டும், நமக்குச் சிபாரிசு செய்ய ஆளும் வேண்டும். நாம் அந்தக் கதவைத் தட்டியவர்கள் அல்ல. நான் முதலில் வாங்கிய மட்டைகள் யாரோ ஆடி அலுத்து விற்றுவிட்டுப் போன செட். அதில் ஏழாம் எண் இரும்பு மட்டையே இல்லை. ஆறாம் எண்ணை மெல்ல அடி, எட்டாம் எண்ணை ஓங்கி அடி என்று, ஆட்டக்காரரின் பையைத் தூக்கிவரும் கேடி அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அந்த இரண்டையும் அப்படித்தான் அடிக்கிறேன்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் ஹேண்டிகேப் 18-க்குக் கீழே எத்தனை பேர் இருப்பார்கள்? போன பருவத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கோடு விழும். கோடு விழுகிறவர்கள் யாரும் ஆட்டத்தைக் கெடுப்பவர்கள் அல்லர். வயது போய்க் கற்றவர்கள், வாரத்தில் ஒரு நாள்தான் மட்டையைத் தொட முடிகிறவர்கள்.

நம் ஊர்ப்பக்கம் கபடிப் போட்டி வைத்தால் எடை பார்த்துப் பிரிக்கிறார்கள். குத்துச்சண்டையிலும் அப்படியே. அங்கே பிரிப்பதுதான் நியாயம். ஐம்பது கிலோ பையனை எண்பது கிலோ ஆளோடு மோத விட முடியாது. கோல்ஃபிலோ பிரிக்காமலே நியாயம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னைப் பிடித்து இழுத்தது அந்த ஏற்பாடுதான். பச்சைப்புல் எல்லாம் அதற்குப் பிறகு.

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, ஒருவரின் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். 54 வரை ஹேண்டிகேப் வைத்துக்கொள்ளலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உச்சவரம்பு. மைதானத்துக்கு மைதானம் கடினம் வேறுபடும் என்பதால் அதற்கும் ஓர் எண் உண்டு. 113 என்பது நடுத்தரம். நம் மைதானத்தில் நான் வாங்கும் சலுகை அடிகளும் ஊட்டியின் மேடுபள்ளத்தில் வாங்கும் அடிகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிறந்த எட்டைத்தான் எடுக்கிறார்கள், இருபதையும் அல்ல. ஆகவே என் ஹேண்டிகேப் என்பது என் நல்ல நாளின் அளவு. சாதாரண நாளில் நான் அதைவிட மோசமாகத்தான் ஆடுவேன். சலுகை வாங்கிக்கொண்டு சும்மா ஜெயிக்கிறார்கள் என்று நம்மிடையே சிலர் முணுமுணுப்பது கணக்குத் தெரியாத பேச்சு. ஹேண்டிகேப்போடு ஆடி ஜெயிக்கவும் அன்றைக்கு நன்றாக ஆடியே ஆக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் லீக்கில் உற்பத்தி மேலாளராக இருக்கும் நண்பர் ஒருவரின் ஹேண்டிகேப் 6. முழு ஹேண்டிகேப்பையும் வைத்துக் கணக்குப் போட்டால், மைதானத்தின் மிகக் கடினமான ஆறு குழிகளில் மட்டும் அவருக்கு ஓர் அடி கழியும். எனக்கு எல்லாக் குழிகளிலும் ஓர் அடி, மிகக் கடினமான ஒன்பதில் இரண்டடி கழியும். கடின வரிசையில் ஏழாவதாக வரும் குழியில் அவருக்குச் சலுகை கிடையாது, எனக்கு இரண்டு உண்டு. அவர் நான்கில் முடிக்கிறார், நான் ஆறில் முடிக்கிறேன், சமம். இந்தச் சமத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார், நானும் ஏற்றுக்கொள்கிறேன். என் கடைசி மூன்றடி தூரப் பட்டுக்கு (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிக்கு) அவர் வியர்க்கிறார். வேறு எந்த விளையாட்டில் நான் அவரை வியர்க்க வைக்க முடியும்? பேட்மின்டனில் அவரோடு நின்றால் பத்து நிமிடத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

இதை எடுத்துவிட்டு மொத்த அடி என்று வைத்தால் முடிவு ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும். முதல் மூன்று இடங்களுக்கான பெயர்களை நான் இன்றே உங்களுக்கு எழுதித் தர முடியும். அந்த மூவரும் நல்ல நண்பர்கள்தான். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மூவருக்குமே இந்த வரைவில் ஆர்வமில்லை.

அடுத்து ஸ்டேபிள்ஃபோர்ட். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொண்டுவந்த முறை இது. 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி மைதானத்தில் முதல் போட்டி நடந்தது. கடலோர மைதானம், காற்று பேய்போல் வீசும் இடம். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குழிகள் கெட்டுப்போனதும் அன்றைய ஆட்டமே முடிந்துபோனது என்று ஆட்டக்காரர்கள் மனமுடைவதைப் பார்த்து அவர் யோசித்த வழி: அடிகளைக் கூட்டாதே, குழிக்குக் குழி புள்ளி கொடு. சலுகை கழித்த பிறகு பாருக்கு (அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கைக்கு) இரண்டு புள்ளி, ஓர் அடி கூடிய போகிக்கு ஒன்று, ஓர் அடி குறைந்த பேர்டிக்கு மூன்று. போகியைவிட மோசமானால் பூஜ்யம். எத்தனை அடி சேர்த்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே பள்ளமில்லை. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழியின் தொடக்க இடமான டீக்கு நடக்கலாம். பதினெட்டுக் குழியில் 36 புள்ளி எடுத்தால் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடியதாகப் பொருள்.

இது என்ன செய்கிறது என்பதைப் போன மார்கழியில் கண்ணால் பார்த்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நம்மோடு ஆடுகிறார், ஹேண்டிகேப் 33. மூடுபனி இன்னும் விலகாத நேரம். குளத்தை ஒட்டிய குழியில் பந்து ஒன்றல்ல, அடுத்தடுத்துத் தண்ணீருக்குள் போயிற்று. எண்ணுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அவரும் நிறுத்திவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு, "பூஜ்யம் போடுங்கள்" என்றார். வகுப்பில் எத்தனை பேருக்குப் போட்டிருப்பாரோ, குரலில் கொஞ்சமும் கசப்பில்லை. அடுத்த குழிகளில் போகி, போகி, பார். சலுகை கழித்துப் பார்த்தால் புள்ளிகள் மளமளவென்று ஏறின. அன்று அவர்தான் முதல். மொத்த அடிக் கணக்கில் அந்தக் குளத்தோடு அவருடைய காலை முடிந்திருக்கும். மிச்சக் குழிகளை மரியாதைக்காக நடந்து முடித்துவிட்டு, அடுத்த மாதம் வராமல் இருந்திருப்பார். வரைவின்படி அவர் அடுத்த மாதம் வரவே முடியாது என்பது வேறு விஷயம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு மாற்றங்களும் இதிலிருந்துதான் பிறந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் அமெச்சூர் தகுதி விதிகளில், அமெச்சூர் ஆட்டக்காரர் ரொக்கப் பரிசு வாங்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். உச்சவரம்பு 1,000 அமெரிக்க டாலர். ஆனால் ஹேண்டிகேப் கழிக்காத போட்டிகளில்தான் ரொக்கம் செல்லும். ஹேண்டிகேப் போட்டியில் பொருளாகப் பரிசு வாங்கலாம், ரொக்கமாக வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். விளம்பரதாரருக்குப் பெரிய அட்டையில் அச்சடித்த காசோலையைத் தூக்கிப் பிடிக்கும் படம் வேண்டும். அந்தப் படம் வேண்டுமென்றால் ஹேண்டிகேப் போக வேண்டும். ஹேண்டிகேப் போனால், முப்பதை ஒட்டிய எண் வைத்திருக்கும் முப்பதுக்காரர்கள் ஆடுவதில் அர்த்தமில்லை, ஆகவே 18 என்று ஒரு கோடு. மூன்று விதிகளையும் தலைகீழாகப் படித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு படத்துக்காக லீக்கின் வடிவத்தையே மாற்றுகிறீர்கள்.

மாம்பழக் கூடையை "தரமற்ற பரிசு" என்று வரைவின் முன்னுரையில் எழுதியிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு மாம்பழத்தைத் தரமற்றது என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற ஊர் இது. அல்போன்சாவும் மல்கோவாவும் அடுக்கிய கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமையில் காணாமல் போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. காசோலைக்கு அந்தச் சக்தி உண்டா என்பது சந்தேகம். விதிப்படியும் கூடை பொருள்தான், யாருடைய அமெச்சூர் தகுதியும் போகாது.

உங்கள் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை வரைவில் நீங்களே எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதை உங்களுக்காக நானே சொல்கிறேன். நம் மைதானத்துக் கேடிகளில் நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற இளைஞர்கள். அவர்களில் ஒருவர் நம் லீக்கிலேயே 4 ஹேண்டிகேப்பில் ஆடுகிறார். மொத்த அடிக் கணக்கில் ரொக்கம் வைத்தால் அது அவருக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அந்தப் பணம் எனக்கு மாம்பழத்துக்குச் சமம். அவருக்கு அது புதிய மட்டைகள், பெங்களூரு போட்டிக்கான நுழைவுக் கட்டணம். பெங்களூருவில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். ஒரு கேடி எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு பெயர் போதும்.

ஆகவே ரொக்கப் பரிசை முழுதாக மறுக்கவில்லை. லீக்குக்கு வெளியே ஆண்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ தனியாக ஒரு போட்டி வையுங்கள். ஹேண்டிகேப் கிடையாது, மொத்த அடி, கேடிகளுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. விளம்பரதாரர் அந்த அட்டைக் காசோலையை அங்கே கொண்டுவரட்டும். நாங்கள் முப்பதுக்காரர்கள் அன்று ஸ்கோர் எழுதுகிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், அவர்களுக்குக் கேடியாகப் பை தூக்கவும் வருகிறோம். (என் முதுகு சம்மதித்தால்.) அந்த நாளும் நடக்கட்டும், லீக்கும் லீக்காகவே இருக்கட்டும்.

இருவர் அணி ஆட்டத்தை நீக்குவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் உறுத்துகிறது. நான்கு பேர், நான்கு பந்து. அணியில் இருவரில் யார் நன்றாக முடித்தாரோ அவர் ஸ்கோர் மட்டும் கணக்கு. ஹேண்டிகேப்பில் 90 சதவீதம் கொடுக்கிறோம். கூட்டாளி காட்டுக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் போகி எடுத்து ஒரு குழியைக் காப்பாற்றுவேன். அடுத்த மூன்று குழிகளில் நான் பங்கருக்குள் மணல் வாரிக்கொண்டிருப்பேன், அவர் தனி ஆளாக நின்று சமாளிப்பார். குலுக்கல் போட்டு அணி சேர்ப்பதால் மேலாளரும் கேடியும் ஒரு மாதம் ஓரணி, கேடியும் மருந்துக்கடைக்காரரும் அடுத்த மாதம் ஓரணி. அந்த நான்கு மணி நேரத்தில் குழியைச் சுற்றியுள்ள கிரீனின் சாய்வைப் படித்துச் சொல்வது கேடிதான், மேலாளர் கேட்டுக்கொண்டு அடிப்பார். திங்கட்கிழமை அவர்கள் உலகம் வேறு வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையாவது இப்படி இருக்கிறது.

நம் ஆட்டத்தில் மொழி படும் பாட்டையும் சொல்ல வேண்டும். டீயில் தமிழில் வாழ்த்தி, ஃபேர்வேயில் தெலுங்கில் திட்டி, கிரீனில் கன்னடத்தில் கெஞ்சுகிற கூட்டம் இந்த எல்லைப்பகுதியில்தான் கிடைக்கும். பெங்களூரு நண்பர்கள் நட்பு ஆட்டத்துக்கு அத்திப்பள்ளி தாண்டி வரும்போது முதலில் ரசிப்பதே இதைத்தான். அவர்கள் மைதானங்களில் இப்படிச் சத்தம் போட முடியாதாம். வந்தவர்களில் சிலர் நம் பருவத்து அட்டவணையைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களை இழுத்துவந்தது பரிசுத் தொகை அல்ல. ஆட்டம் முடிந்து ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிடும்போது, யாருடைய பந்து எந்த மரத்தில் பட்டுத் திரும்பியது என்று நான்கு விதமாகக் கதை கட்டுகிறோமே, அதற்காக வருகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஆடுவதால் சென்னையில் 200 கெஜம் போகும் அடி இங்கே ஐந்தாறு கெஜம் கூடுதலாகப் போகும். சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அந்த ஐந்தாறு கெஜத்தைத் தன் கைவலிமை என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்பினார். நாங்கள் யாரும் காற்றின் அடர்த்தியைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் எதிராளியின் சிறு பட்டை அடிக்க விடாமலே "கொடுத்தாயிற்று" என்று விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. மொத்த அடிக் கணக்கில் அது கிடையாது. எல்லாப் பந்தும் குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். அமெரிக்காவும் பிரிட்டனும் அணிகளாக மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், கடைசிக் கிரீனில், அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் எதிராளி டோனி ஜாக்லினின் பட்டை இப்படித்தான் விட்டுக்கொடுத்தார். ஜாக்லின் அதை அடித்துத் தவறவிட்டிருந்தால் அமெரிக்கா நேரடியாக வென்றிருக்கும். விட்டுக்கொடுத்ததால் 16-16 என்று சமனில் முடிந்தது. அவருடைய அணியிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. நம் லீக்கிலும் விட்டுக்கொடுப்பதில் சண்டை வரும். இரண்டடி தூரத்தைக் கொடுக்காத கஞ்சர் யார், நாலடியைக் கொடுத்துவிட்டு மூன்று குழிகள் கழித்துக் கைம்மாறு எதிர்பார்க்கிறவர் யார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கஞ்சத்தனமும் தாராளமும் சேர்ந்ததுதான் ஆட்டம்.

நன்றாக ஆடுகிறவர்களின் குறை ஒன்று உண்மையானது. ஹேண்டிகேப்பை வேண்டுமென்றே ஏற்றி வைத்துக்கொண்டு, போட்டி நாளில் மட்டும் பிரமாதமாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, நமக்குள் எல்லோரும் ஒரே முகத்தைத்தான் நினைப்போம். இதற்கு மருந்து ஹேண்டிகேப்பை ஒழிப்பதல்ல, ஒழுங்காக நடத்துவது. முறைக்குள்ளேயே தடுப்புகள் இருக்கின்றன. ஒருவர் தன் ஹேண்டிகேப்பை விட ஏழு அடி அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஆடினால், அதற்காகவே ஓர் அடி குறையும். பத்து அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டடி குறையும். ஓராண்டில் தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் ஏறும்போது வேகம் பாதியாகும். ஐந்துக்கு மேல் ஏறவே முடியாது. ஆனால் இவை வேலை செய்ய எல்லாச் சுற்றின் அட்டையும் பதிவாக வேண்டும். நம்மிடம் என்ன நடக்கிறது? நன்றாக ஆடிய அட்டை சட்டைப் பையில் தங்கிவிடுகிறது, மோசமாக ஆடியது உடனே பதிவாகிறது. ஆட்டம் முடிந்த அன்றே எல்லா அட்டைகளையும் வாங்கி, கூட ஆடியவரின் கையெழுத்தோடு சுவரில் ஒட்டுங்கள். விதி வரைவு ஒட்டிய அதே சுவர் போதும். ஒன்பது குழி ஆடிவிட்டுப் போகிறவர்களின் அட்டையையும் விடாதீர்கள், அதுவும் கணக்கில் சேரும். ஹேண்டிகேப்பைப் பார்த்துக்கொள்ள மூவர் கொண்ட சிறு குழு வையுங்கள். அதில் ஒருவர் கேடியாக இருக்கட்டும். யாருடைய உண்மையான ஆட்டம் எது என்று அவர்களுக்குத் தெரிவதுபோல் நமக்குத் தெரியாது.

மெதுவான ஆட்டத்தைப் பற்றி: நீங்கள் சொல்வது சரி. ஐந்து மணி நேரம் இழுக்கும் சுற்றுகள் யாருக்கும் நல்லதல்ல. மாலைச் சுற்று இருட்டும்வரை நீண்டால் இந்தப் பகுதியில் வேறு கவலையும் உண்டு. ராகி விளைந்து நிற்கும் குளிர்காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரிப் பக்கம் யானைகள் இறங்கும்போது, வீடு திரும்பும் சாலையில் யாரும் தாமதமாக இருக்கக் கூடாது. ஆனால் மெதுவாக ஆடுவது ஹேண்டிகேப் கூடியவர்கள் மட்டுமே என்ற எண்ணம் தவறு. நம்மில் மிக மெதுவானவர் ஓர் ஒற்றை இலக்கக்காரர். ஒரு பட்டை நான்கு திசையிலிருந்தும் பார்த்துவிட்டுத்தான் நிற்பார், பிறகு அந்தப் பட்டைத் தவறவும் விடுவார். 2019 விதித் திருத்தத்தில் தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். குழியிலிருந்து யார் அதிக தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்துக் காத்திருக்காமல், அடி எண்ணும் ஆட்டத்தில் தயாராக இருப்பவர் முதலில் அடிப்பதையும் ஊக்குவித்தார்கள். இரண்டையும் நாம் காகிதத்தில்தான் கடைப்பிடிக்கிறோம். தண்டனை அடியைக் கொண்டுவாருங்கள், எல்லோருக்கும் ஒன்றாக. கூடவே ஒன்றை யோசியுங்கள்: பூஜ்யம் வந்ததும் பந்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிற ஸ்டேபிள்ஃபோர்டைத் தூக்கிவிட்டு, பத்தாவது அடியையும் எண்ணச் சொல்கிற மொத்த அடியைக் கொண்டுவந்தால் சுற்று இன்னும் நீளும். உங்கள் நான்காவது விதியை உங்கள் இரண்டாவது விதியே அடிக்கிறது.

விளம்பரதாரரைப் பற்றி இன்னும் ஒரு சொல். தண்ணீருக்கு அல்லாடும் மாவட்டத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்களே என்று மைதானத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நியாயமான கேள்வி. எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது, அதில் சுத்திகரித்த கழிவுநீர் எவ்வளவு என்று மைதான நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை நம் குழு எடுத்துக்கொண்டால் அது லீக்குக்கு மரியாதை. அதற்குப் பதிலாகப் பதினெட்டுக் கிரீனிலும் நிறுவனக் கொடி நட்டுப் படமெடுத்தால், பார்க்கிறவர் கண்ணில் நாம் வேறு ஆட்களாகத் தெரிவோம். பரிசுத் தொகையைவிடக் கூடுதலாக இதைக் குழு யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரைவைக் குழு மட்டும் கூடி முடிவு செய்யாமல், போன பருவத்தில் ஆடிய எல்லோரிடமும் வாக்குக்கு விடுங்கள். ஹேண்டிகேப் 4-க்கும் ஒரு வாக்கு, 40-க்கும் ஒரு வாக்கு. ஸ்டேபிள்ஃபோர்டையும் இருவர் அணி ஆட்டத்தையும் லீக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அடிப் போட்டியையும் ரொக்கத்தையும் கேடிகளுக்குக் கதவு திறந்த தனி நாளுக்கு மாற்றுங்கள். தண்டனை அடியை முதல் மாதத்திலிருந்தே போடுங்கள். விளம்பரதாரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அவரிடம் பேச நானும் வருகிறேன். ஹேண்டிகேப் 6 நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அவர் பேசினால் விளம்பரதாரர் கேட்பார், ஏனென்றால் அந்தக் காசோலை அவர் கையில் இருக்க வேண்டிய படம்தான் அது.

பருவத்தின் முதல் ஆட்டம் ஜூனில். மாம்பழத்துக்குப் போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் சொல்லிவைப்பது வழக்கம். மே இரண்டாம் வாரத்துக்குள் சொல்லாவிட்டால் நல்ல காயெல்லாம் மண்டிக்குப் போய்விடும் என்று அவர் போனில் கூப்பிட்டுக் கேட்டார். கூடை எத்தனை என்று அவருக்கு என்ன பதில் சொல்ல? அதற்குள் வாக்கெடுப்பை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஹேண்டிகேப் 27,
ஓசூர்